நீ அழுததாக நான் எழுதிய கடிதம்

மகனே,

இங்கே மழை விட்டு இரண்டு நாளாகிறது. ஆனாலும் மலை உச்சி இன்னும் வெளியே வரவில்லை. பாதி மலைக்கு மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. நான் சௌக்கியம். உன் அம்மா பெங்களூரில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை வந்துவிடுவாள். ஓசூரிலிருந்து நீ எழுதிய நான்கு பக்கமும் கிடைத்தது. பத்திரிகை, மண்டபம், சமையல்காரர் பற்றிக் கேட்டிருந்ததற்கெல்லாம் தனித் தாளில் பதில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதை முதலில் படித்து முடித்துவிடு. இந்தத் தாள்கள் உன் கடைசிப் பக்கத்துக்கான பதில். இவற்றை எழுதி முடிக்க எனக்கு எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை.

நீ கட்டிக்கொள்ளப் போகிற வசந்திக்குப் பூனாவில் இரண்டு வருடப் பயிற்சி கிடைத்திருக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் பார்க்கிற, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்துகிற வேலையை இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பு. கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் போக வேண்டும். நீ எனக்கு எழுதியிருக்கிறாய்: ‘நீங்கள் அவள் அப்பாவைப் பார்த்துப் பேசி, போக வேண்டாம் என்று அவரையே சொல்ல வையுங்கள். நான் வளர்ந்த மாதிரி என் பிள்ளைகள் வளரக் கூடாது.’ கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். கையெழுத்து உன்னுடையது. அந்த எண்ணத்தை உனக்குள் போட்டவன் நான். எப்படிப் போட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ பாதிதான் அறிவாய். அந்தப் பாதியும் நான் சொன்னது.

உன் அம்மாவின் அப்பா போளூரில் வயலின் வித்வான். அவர் வீட்டில் வயலின், வீணை, மிருதங்கம், புல்லாங்குழல், ஆர்மோனியம் எல்லாம் இருந்தன. அவளுக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தது வயலின் மட்டும்தான். மற்றதையெல்லாம், அண்ணன்மார் சாப்பிடப் போகிற நேரத்தில் எடுத்து வாசித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பதினாறு வயதில் மேடையில் பக்கவாத்தியம் வாசித்தாள். இருபதில் என்னைக் கட்டிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் வயலின் பெட்டியுமாக இந்த ஊருக்கு வந்தாள். நான் நில அளவை ஆபீசில் படம் வரைகிறவன். எனக்கு ராகம் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வாசிப்பாள். அடுப்பில் சாதம் குழையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அப்படியே காலம் போயிருக்கும். நாங்களும் சந்தோஷமாகத்தான் இருந்திருப்போம் என்று சில நாள் எனக்குத் தோன்றும். வேறு சில நாட்களில் அப்படித் தோன்றாது.

உனக்கு ஆறு வயது. எழுபதுகளின் தொடக்கம். செங்கம் சாலையை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருந்தோம், நினைவிருக்கும். பின்னறையை ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருடம் வந்தவன் மோகன். கீழ்ப்பாக்கத்துப் பையன், காலேஜைப் பாதியில் விட்டவன், தோள்வரை முடி. மெட்ராசில் ஹோட்டல்களிலும் காலேஜ் விழாக்களிலும் வாசிக்கிற ஒரு ராக் குழுவில் கிடார் வாசிப்பவன். ஒரு மாதம் யாரிடமும் பேசாமல் இருக்கப் போகிறேன் என்று ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தான். சொன்னபடியே அவன் பேசவில்லை. கிடார்தான் விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தது.

உன் அம்மா நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் மாவாட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து, கையைக் கழுவிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவன் அறை வாசலில் போய் நின்றாள்.

“தம்பி, மூணாவது கம்பி இறங்கியிருக்கு. நாலு நாளா கேட்டுனு இருக்கேன். மாவு கூட ஆட்ட முடியல.”

அவன் ஒன்றும் சொல்லாமல் கிடாரை நீட்டினான். அவள் திருகாணியைத் தொட்டுத் தொட்டுத் திருகி, கம்பியை ஒருமுறை மீட்டிக் கொடுத்தாள். அதோடு அவனுடைய மௌனவிரதம் முடிந்தது.

“அக்கா, உங்களுக்கு கிடார் வாசிக்கத் தெரியுமா?”

“இதுவரைக்கும் தொட்டது இல்ல. கம்பி இருந்தா தெரிஞ்சுக்கலாம்.”

அவனிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அவன் போட்டுக் காட்டிய பாட்டுகளைக் கேட்டு முதல் நாள் அவள் முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் நாள் அதே பாட்டை மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் நாள் நான் ஆபீசிலிருந்து வந்ததும் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்கார வைத்து, “மேலே கத்தறவனை விடுங்க. அடியில ஒருத்தன் ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுனு நிக்கறான் பாருங்க, அவன்தான் பாட்டைத் தூக்கினு போறான்” என்றாள். எனக்குக் கத்துகிறவன் மட்டும்தான் கேட்டான். ஆனால் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து, இன்னும் கனவு கலையாமல், ஆனால் எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு முகம்.

ஒரு மாதம் கழித்து அவன் குழுவின் மற்ற மூன்று பேரும் ஒரு பழைய வேனில் வந்து இறங்கினார்கள். நம் கொல்லையில் ஒத்திகை. அம்மாவின் வயலினில் ஒரு சின்ன மைக்கை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். அவர்கள் ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டால் தெருவில் விளக்கெல்லாம் மங்கும். நான் மத்தியானம் சீக்கிரம் வந்த ஒரு நாள், கொல்லைச் சுவரோரம் ஆடு மேய்க்கிறவர்கள், காவி கட்டிய இரண்டு சாமியார்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மாமரத்து இலையெல்லாம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது. பக்கத்து வீட்டு நூரம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, “இன்னா சத்தம் இது, காது கிழியுது. ஆனா நிறுத்தாதீங்க, நல்லாதான் கீது” என்றாள்.

அவர்கள் மெட்ராசில் ஒரு காலேஜ் விழாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். “போவட்டுமா?” என்று கேட்டாள். “நாங்களும் வர்றோம், போலாம்” என்றேன். திறந்தவெளி மேடை. சாயங்காலம், கடல் காற்று. முடி வளர்த்த நான்கு பையன்களுக்கு நடுவில், ஊதாப் பட்டுப் புடவையும் பின்னலும் பூவுமாக உன் அம்மா போய் நின்றதும் கூட்டம் ஊளையிட்டது. “மாமி, பஜனையா?” என்று ஒருத்தன் கத்தினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வில்லை வைத்து ஒரு ஸ்வரத்தை இழுத்தாள். அந்தப் பெரிய பெட்டிகள் வழியாக அது வெளியே வந்தபோது, நான் உட்கார்ந்திருந்த தரை மெல்ல மேலே எழும்பியது. உண்மையாகவே சொல்கிறேன், தரையைக் கையால் பிடித்துக்கொண்டேன். அன்று அவள் வயலினை வைத்துவிட்டு அடித்தொனிக்கான பேஸ் கிடாரை எடுத்தாள், அதையும் வைத்துவிட்டு ஆர்கனில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் எழுந்து நின்றது. அங்கே மேடையில் இருந்த பெண்ணுக்கு என் வீட்டு விலாசம் தெரியும் என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. நானும் எழுந்து நின்றிருந்தேன், நீ என் தோளில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவனைக் குனிந்து தட்டி, “அது எங்க அம்மா” என்றாய்.

அதற்குப் பிறகு மூன்று வருடம். மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் அவள் வெளியூரில் இருந்தாள். அந்த நாட்களை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நான்தானே உனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: அம்மா இல்லாமல் நீ ஏங்கிப் போனாய் என்று. உண்மையில் நடந்ததை இப்போது எழுதுகிறேன், கவனமாகப் படி. நீ ஏங்கவில்லை. நூரம்மா வீட்டில் அவள் பிள்ளைகள் ஐந்து பேரோடு ஆறாவதாக வளர்ந்தாய். பள்ளிக்கூடம் விட்டால் ஐயங்குளத்தில் குதிப்பாய், அவள் வீட்டில் சாப்பிடுவாய், விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து என் பக்கத்தில் படுத்தவுடன் தூங்கிவிடுவாய். அம்மா வந்தால் அவள் மடியில் விழுவாய். போனால் தெருமுனை வரை பஸ்ஸோடு ஓடிவிட்டு விளையாடப் போய்விடுவாய். ஒரு நாள் கூட அழுததில்லை.

அழுதவன் நான். கண்ணீர் விட்டு அழவில்லை, அதற்குக் கூட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆபீசில் சூப்பிரண்டு எல்லோர் முன்னாலும், “என்னய்யா, வூட்டம்மா டூர் போயிட்டாங்களா? சாப்பாடு யாரு, நீயா?” என்பார். சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் நீ இருக்க மாட்டாய். சுவரில் அவள் மாட்டிவிட்டுப் போன புடவை இருக்கும். நான் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். நீயாவது அழுதால் உன்னைத் தேற்றுகிற வேலையாவது எனக்கு இருந்திருக்கும். நீ அழவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதைத் தாளில் எழுதி இப்போது பார்க்கும்போது கூசுகிறது. ஆனால் இதுதான் நிஜம்.

மூன்றாம் வருட முடிவில் அவர்களுக்குப் பம்பாயில் இசைத்தட்டுப் பதிவு செய்ய வாய்ப்பு வந்தது. பதிவு முடிந்ததும் வடக்கே மூன்று மாதச் சுற்றுப்பயணம். அவள் உன்னையும் என்னையும் கட்டிப் பிடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள். போன பதினோராம் நாள், ஆபீசில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஓர் இன்லேண்டு லெட்டரில் நான் எழுதினேன்: ‘பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தூக்கத்தில் உன்னைக் கூப்பிட்டு அழுகிறான். இளைத்துவிட்டான். உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். உன் வேலை கெட வேண்டாம்.’ கடைசி வாக்கியத்தை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சேர்த்திருக்கிறேன் பார். படங்களில் எல்லைக் கோடு போடுகிற அதே பேனாவால் எழுதினேன்.

அது அவளுக்குக் கிடைத்தது பதிவின் இரண்டாம் நாள். அன்றைக்கே ரயில் ஏறியிருக்கிறாள். மெட்ராசில் இறங்கி, பஸ் பிடித்து, ஒரு காலை வேளையில், தூசியும் கரியுமாக வாசலில் வந்து நின்றாள். கையில் வயலின் பெட்டி மட்டும். நான் ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். “எங்க அவன்?” என்றாள். அதற்குள் நீயே ஈரத் தலையோடு, கையில் பாதி ரொட்டியோடு உள்ளே வந்தாய். கன்னம் பூரித்து, வெயிலில் கறுத்து, மினுமினுவென்று இருந்தாய்.

“எப்ப வந்த? எனக்கு இன்னா வாங்கியாந்த?”

அவள் உன்னைப் பிடித்து நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். நீ கூச்சத்தில் நெளிந்து விடுவித்துக்கொண்டு ஓடிவிட்டாய். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நூரம்மா, “வந்துட்டியாம்மா? புள்ள எப்படிக் கீறான் பாரு. கம்மியாவா துன்றான்? என் புள்ளைங்க ரொட்டியையும் சேர்த்து துன்றான்” என்று சிரித்தாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்து உலை வைத்தாள்.

இரண்டு வருடம் அவள் எங்கும் போகவில்லை. மோகனிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. பம்பாயில் வேறு ஒருவரை வைத்து வாசித்து இசைத்தட்டை முடித்துவிட்டார்கள். அது நன்றாகவே போனது என்று கேள்விப்பட்டோம். பஜாரில் ஒரு ரேடியோக் கடையில் அதைப் போட்டபோது, காய்கறிப் பையோடு அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். “நல்லா பண்ணியிருக்காங்க” என்று மட்டும் சொன்னாள். வயலின் பரணுக்குப் போயிற்று. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு மூச்சு விட முடிந்திருக்கும். அவள் உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தாள். கணக்கு சொல்லிக்கொடுத்தாள். ஒன்பது வயது வரை நூரம்மா பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்த நீ, கொஞ்சம் கொஞ்சமாக அம்மா பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தாய். தூங்கும்போது அவள் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாய். நம் மூன்று பேருக்கும் நல்ல காலம் அது. எனக்கு மட்டும் ஒவ்வொரு வாய்ச் சோறும் திருடித் தின்பது போல இறங்கியது.

ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலையைச் சுற்றிவிட்டு வரலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். அப்போதெல்லாம் அந்தப் பாதையில் இவ்வளவு கூட்டம் கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் செம்மண், எங்கோ ஒரு மாட்டுவண்டி. தூறல் விட்டு விட்டுப் போட்டது. மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வேறு மலையாகத் தெரிந்தது. அடி அண்ணாமலை தாண்டும் வரை நான் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம், நடந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். அவன் அழவே இல்லை, நான்தான் எழுதினேன் என்று.

அவள் நடையை நிறுத்தவில்லை. “தெரியும்” என்றாள்.

“எப்போலேர்ந்து?”

“வந்த அன்னிக்கே.”

“அப்ப ஏன் கேக்கல?”

தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துப் பிழிந்துகொண்டே கொஞ்ச தூரம் வந்தாள். “கேட்டா நீங்க ஒத்துக்குவீங்க. ஒத்துக்கிட்டா நான் அன்னிக்கே கெளம்பிப் போயிடுவேன், அவ்வளவு கோவம் இருந்துச்சு. புள்ள என்னைத் தொட்டுப் பாக்க விடாம நெளிஞ்சான் பாருங்க, அத நெனச்சேன். யாரோ வந்து தொடற மாதிரி நெளிஞ்சான். சரி, இவன் என்கிட்ட ஒட்டற வரைக்கும் இருந்துட்டுப் போவோம்னு இருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் அவளை ஏமாற்றிக் கட்டிப் போட்டிருப்பதாக இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ தானாகவே உனக்காக உட்கார்ந்திருந்தாள். வீடு வந்து சேர்ந்ததும் நானே ஏணி போட்டுப் பரணிலிருந்து வயலினை இறக்கினேன்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துவிடாதே. அவள் திரும்பிப் போனபோது மோகனின் குழு உடைந்திருந்தது. முப்பத்து மூன்று வயதில் பெங்களூரில் ஒரு ஹோட்டல் குழுவில் அடியிலிருந்து ஆரம்பித்தாள். எதற்கு ஆள் வரவில்லையோ அது அவள். ஒரு நாள் டிரம்ஸ், ஒரு நாள் கீபோர்டு, ஒரு நாள் பின்வரிசைக் கிடார். ஒரு முறை, வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று, வாயில் வைத்தே பார்த்திராத சாக்ஸபோனை இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டு வாசித்தாள். போளூரில் மூன்று காலத்திலும், மூன்று வேகத்தில், வர்ணம் பாடிப் பழகியதுதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்பாள். கையை விடக் காதுதான் கருவி என்பாள். அப்படி நாலைந்து வருடம் போனது. பிறகுதான் சொந்தக் குழு, கேசட், நீ பார்த்த போஸ்டர்கள் எல்லாம். பெரிய பேர் என்று சொல்ல முடியாது. ஆனால் பெங்களூரிலும் மெட்ராசிலும் இந்த இசை வாசிக்கிற பிள்ளைகள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாட்டில் எங்கே சிக்கினாலும் அவளிடம்தான் போகிறார்கள்.

அவள் பக்கமும் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். நீ ஏழாம் வகுப்பில் ஓட்டத்தில் முதலாக வந்தபோது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. நீ கோப்பையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாய். மைதானம் காலியாகும் வரை நின்றாய். அவளுக்கு அன்று ஒரு கச்சேரி சேர்ந்துவிட்டது, விட மனசில்லை. அதை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறாள். ஆனால் நான் என்ன செய்தேன்? உன்னைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில், “உங்க அம்மா அப்படித்தான்” என்றேன். ஒரு வாக்கியம். ஏழெட்டு வருடம் அதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கடிதத்தை அவளிடம் ஒப்புக்கொண்டவன், உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. நீ சின்ன வயதில் அழுதாய், ஏங்கினாய் என்ற பொய்யை உனக்கே நினைவாக்கிக் கொடுத்தேன்.

இன்னொன்று. நீ பதினொன்றாவது படிக்கும்போது, பஸ் ஸ்டாண்டில். அவள் கிடார் பெட்டியோடு, பேண்ட்டும் சட்டையுமாக இறங்கினாள். நீ கூட்டாளிகளோடு டீக்கடையில் நின்றிருந்தாய். “யார்ரா அது, உன்னைப் பாத்து சிரிக்கறாங்க?” என்று ஒருத்தன் கேட்டான். “எங்க சித்தி. மெட்ராஸ்” என்றாய். அவளுக்கு அது காதில் விழுந்தது. பக்கத்தில் வந்து, “ஆமாம்பா, இவங்க அம்மாவுக்குத் தங்கச்சி. எல்லாரும் டீ குடிங்க” என்று உன் கூட்டாளிகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்து வந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாயா? வந்து என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவள் வெகு நேரம் வரவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆறு வயதில், ஆயிரம் பேர் நடுவில், “அது எங்க அம்மா” என்று சொன்னவன் நீ. இடையில் உன் வாயில் வேறு பேச்சை வைத்தது யார் என்று நினைத்துப் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபடி வேலூருக்குப் போனேன். வசந்தியின் அப்பா கடைக்குப் போயிருந்தார். அவள்தான் காபி கொடுத்தாள். பேச்சுக்காக, உன் வேலை எப்படி இருக்கும்மா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு மரப் பாதத்தைக் கொண்டுவந்தாள். பாதி செதுக்கியது. குதிகாலில் விரலை வைத்து, “இங்க ஒரு நூல் அளவு ஜாஸ்தியானா போதும் மாமா, போட்டுனு நடக்கறவங்களுக்கு இடுப்பு வலிக்கும். அது ஏன்னு இங்க யாருக்கும் சரியா தெரியல. பூனால சொல்லித் தருவாங்க” என்றாள். பிறகு தயங்கி, “அவரு இன்னா சொல்றாரு? நான் கேட்டு எழுதினதுக்குப் பதிலே வரல” என்றாள். அந்தப் பெண் உன்னை நேராகக் கேட்டிருக்கிறாள். நீ எனக்கு எழுதியிருக்கிறாய். நான் காபியைக் குடித்துவிட்டு, அவள் அப்பா வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அவரிடம் நான் பேசப் போவதில்லை.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். நேற்று உன் அம்மா வந்தாள். இன்று காலை இதை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இனி அவளுக்குத் தெரியாமல் உனக்கு எதையும் தபாலில் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகத் தரையில் வைத்துக்கொண்டே படித்தாள். வெளியே மேகம் விலகி, மலை கழுவி வைத்தது போல இருந்தது. முடித்ததும் தாள்களைச் சேர்த்து அடுக்கிக் கொடுத்தாள். நான் இத்தனை வருடம் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன்.

“அன்னிக்கு நான், பையன் அழறான்னு எழுதாம, எனக்கு நீ இல்லாம இருக்க முடியலன்னு எழுதியிருந்தா, இன்னா பண்ணியிருப்ப?”

அவள் யோசிக்கவே இல்லை.

“வந்திருப்பேன். வந்து, ரெண்டு பேரையும் பம்பாய்க்கு இட்டுனு போயிருப்பேன்.”

ஆபீசில் அப்போது எனக்கு நான்கு மாத லீவு பாக்கி இருந்தது.

ஆகவே, இன்றைக்கே வசந்திக்கு எழுது. அவள் அப்பாவுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றால், அதையே எழுது.

உன் அப்பா